ஹாஸ்டலில் ஒட்டிய சிரங்கு: ஒரே ராத்திரியில் வீடே மருந்து பூசினோம்

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த அந்த ட்யூபை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. செமஸ்டர் லீவுக்கு வந்த பெரியவனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. "படர்தாமரையா இருக்கும்" என்று ஒரு களிம்பைக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த சரக்கு. பூசினால் சிவப்பு தணியும், அரிப்பும் கொஞ்சம் அடங்கும். உள்ளே சிரங்கை உண்டாக்கும் பூச்சி பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். அடுத்து போன கிளினிக்கில் கையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "வேர்க்குரு" என்றார்கள். மார்கழிக் குளிரில் ஏது வேர்க்குரு?

லீவு முடிவதற்குள், அவன் பக்கத்தில் படுக்கும் சின்னவனும் மாமியாரும் சொறியத் தொடங்கிவிட்டார்கள்.

தோல் டாக்டர் முதலில் கேட்டதே, "ராத்திரியிலதான் அதிகமா அரிக்குதா? வீட்டுல வேற யாருக்கு இருக்கு?" என்றுதான். இந்த இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' வந்தால் சிரங்கை, அதாவது ஸ்கேபிஸை, சந்தேகப்படுங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு, மறைவிடம் எல்லாம் பாருங்கள். பெரியவன் மணிக்கட்டில் பென்சிலால் நெளித்துக் கிழித்த மாதிரி ஒரு சாம்பல் தடம். லென்ஸ் வைத்துக் காட்டினார்: தடத்தின் முனையில் கருப்பாக ஒரு குட்டி முக்கோணம். அதுதான் பூச்சியின் தலைப்பக்கம். முழு நீளமே அரை மில்லிமீட்டருக்குள். உடம்பு முழுக்கச் சேர்த்தாலும் பெரும்பாலும் 10, 15 பூச்சிதான் இருக்குமாம். பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் எச்சத்துக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் இத்தனை அரிப்பும். முதல் முறை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்பே அடுத்தவருக்குப் பரவிவிடும்.

இதை மாமனாருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையேம்மா, நான் எதுக்குப் பூசணும்?" அவரை மட்டும் விட்டிருந்தால் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் திரும்ப வந்திருக்கும். பேரன் பேச்சுக்குத்தான் இறங்கி வந்தார்.

டாக்டர் எழுதித்தந்தது 5% பெர்மெத்ரின் கிரீம், அந்தப் பூச்சியைக் கொல்லும் மருந்து. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி உட்பட, ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூசணும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டோம். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவைத்தோம். மனித உடம்பு கிடைக்காவிட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

ஹாஸ்டல் வார்டன் மட்டும் "பையன் சரியா குளிக்கறதில்ல போல" என்றார். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தோலோடு தோல் சற்று நீண்ட நேரம் ஒட்டியிருந்தால் வரும். அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து என்று டாக்டரிடம் லெட்டர்ஹெட்டிலேயே எழுதி வாங்கிப்போய் நீட்டினேன். மறுபேச்சு இல்லை, அன்று ராத்திரியே எல்லாப் பையன்களும் பூசினார்கள்.

மருந்து போட்ட பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கும். பயந்துபோய்த் தினமும் கிரீமை அப்பாதீர்கள், தோல்தான் வறண்டு எரியும். புதிதாகத் தடமோ பருவோ கிளம்பினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.