காளிகேசம் வழியில் இரண்டு மாதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை தாண்டி, காளிகேசம் போகிற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சீசன் வேலை முடித்து நேற்றுதான் வீடு திரும்பினேன். போனில் சிக்னலே கிடையாது.

விடியுமுன் நெற்றியில் லைட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிற அக்காமார் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) கேட்டு வருவார்கள். அந்த அரைமணி நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்புறம் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) மயக்கி, அதாவது வேகவைத்து மசித்து, சாளை மீன் குழம்பு வைக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டே, காளிகேசம் ஆற்றில் வெள்ளம் வந்தால், வருகிறவர்களைக் குளிக்க விடமாட்டார்கள்; கடைக்கும் ஆள் வராது. அன்றைக்குக் கிழங்கெல்லாம் மீந்துவிடும். மனசு கஷ்டமாக இருக்கும்.

கிளம்பும்போது கடைக்கார அம்மா சம்பளத்தோடு ஒரு பொதி நல்லமிளகும் (குறுமிளகு) தந்தார். பை முழுக்க இன்னும் அந்த வாசம்.