சேற்றுக் காலம், வெர்மான்ட்

பிப்ரவரி 10, 2024

ஊரின் வருடாந்தரக் கணக்குப் புத்தகம், டவுன் ரிப்போர்ட், தபாலில் வந்திருக்கிறது. மாப்பிள்ளை விளம்பரக் காகிதங்களோடு சேர்த்துப் போட்டு வைத்திருந்தார். ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பார்த்தே கழிந்த கண் விடுமா, எடுத்துக்கொண்டேன். ரோட்டுக்குப் போடும் உப்பு, டீசல், லைப்ரரி கரண்ட் பில், எல்லாம் வரி வரியாக. வரி பாக்கி வைத்தவர்கள் பெயரோடு பட்டியல். நாய் லைசென்ஸ் எத்தனை என்பதுகூட உண்டு. வேலித் தகராறு தீர்க்க மூன்று பேரை இன்னமும் நியமிக்கிறார்கள். நிலக்கரி எடை போட ஒரு அதிகாரி வேறு. எடை போட நிலக்கரிதான் இல்லை.

கடைசிப் பக்கங்களில் மார்ச் மாத ஊர்க் கூட்டத்துக்கான அஜெண்டா. மண் ரோட்டைச் சமன் செய்யும் பழைய கிரேடர் மிஷினைத் தள்ளிவிட்டு மூன்று லட்சத்துச் சொச்சம் டாலருக்குப் புதிது வாங்கலாமா என்று ஒரு பொருள். அதைப் பேனாவால் வட்டமிட்டு வைத்தேன்.

பிப்ரவரி 14

மகளின் பிரசவத்துக்கு டாக்டர் மறுபடியும் அதே தேதியைத்தான் சொன்னாராம். ஏப்ரல் 8, சூரிய கிரகணத்தன்று. இவள், என் மனைவி, சாப்பிடவில்லை.

பிப்ரவரி 21

வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் மண் ரோடு. அதற்கப்புறம் செயின்ட் ஜான்ஸ்பரி ஆஸ்பத்திரிக்கு அரை மணி. தார் ரோட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இந்த மாநிலத்தில் ஊர் ரோடுகளில் பாதிக்கு மேல் மண்தான் என்று மாப்பிள்ளை சொல்கிறார், ஆறுதல் மாதிரி. பனி உருகும்போது மேல்மண் இளகிவிடும், அடியில் இன்னும் உறைந்தே கிடக்கும். தண்ணீருக்கு இறங்க வழியில்லை. நடுவில் கஞ்சி மாதிரி ஒரு அடுக்கு. வண்டி அச்சு வரை இறங்கிவிடும். இதற்கு மட் சீசன் என்று பெயர், ஐந்தாவது பருவம் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். இந்த வருடம் குளிர் குறைவு, இப்போதே தொடங்கிவிட்டது.

போன ஜூலை வெள்ளத்தில் போன கல்வெர்ட்டில் இன்னும் தற்காலிகக் குழாய்தான். செலவில் முக்கால் பங்கை மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபெமா தரும். ஆனால் ஊர் முதலில் தன் காசைப் போட்டு முடித்துவிட்டு பில் அனுப்ப வேண்டும். நம்மூரிலும் இதே கதைதான்.

மார்ச் 2

பக்கத்துப் பண்ணைக்காரரின் சுகர்ஹவுஸுக்குப் போயிருந்தேன். மேப்பிள் மரத்திலிருந்து பால் இறக்கிக் காய்ச்சுகிறார். 40 காலன் காய்ச்சினால் ஒரு காலன் பாகு. ஆவி கூரையைப் பிளந்துகொண்டு போகிறது. தாள் கோப்பையில் சூடாக ஊற்றிக் கொடுத்தார்.

கையில் கரண்டி, வாயில் வரி. மாநிலம் டிசம்பரில் ஒரு கடிதம் விட்டிருக்கிறது: பள்ளிக்கான சொத்து வரி சராசரியாக 18.5 சதவீதம் ஏறலாம் என்று. "நிலம் இருக்கிறது, பணம் இல்லை" என்றார். கிரேடரைப் பற்றிக் கேட்டேன். பாகை வடிகட்டத் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 5

காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மார்ச் முதல் செவ்வாய், மாநிலத்துக்கே விடுமுறை. ஓட்டு இல்லாதவர்களுக்குச் சுவரோரமாகத் தனி நாற்காலிகள். நாங்கள் நாலு பேரும் அங்கே. இன்னொரு ஓரத்தில் ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே எல்லாவற்றுக்கும் "நே", அதாவது வேண்டாம், சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் தீர்மானமே கூட்டத்தை நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பது. அவர் கையில், கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ராபர்ட் விதிப் புத்தகம். யாரும் யாரையும் பார்த்துப் பேசக் கூடாது, அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நேற்று வேலித் தகராறு போட்டவர்களும் அவரிடமே முறையிடுகிறார்கள். லைப்ரரிக்கு ஐந்நூறு டாலர் கூடுதலாகத் தரலாமா என்று முக்கால் மணி நேரம்! எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் யோசித்தேன். எங்கள் கிராம சபையில் நான் தீர்மானத்தை முந்தின நாளே டைப் அடித்துக் கொண்டுபோவேன். கையெழுத்து, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் வரிசையில் வாங்குவோம். ஐந்நூறு ரூபாய்க்கு எவனாவது எழுந்து கேள்வி கேட்டிருந்தால் அவனை முதலில் உட்காரச் சொல்லியிருப்பேன்.

சாப்பாடு பெற்றோர் சங்கம் போட்டது. வேகவைத்த பீன்ஸ், ஹாம், விதவிதமான பை. இவள் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தாள். முதலில் காலியான பாத்திரம் அதுதான் என்று எழுதச் சொல்கிறாள்.

மதியம் கிரேடர். ரோடு மேஸ்திரி எழுந்து பழைய மிஷினின் வியாதிகளைச் சொன்னார். திடீரென்று என் மகள் கையைத் தூக்கிவிட்டாள். ஓட்டு இல்லாதவர் பேசச் சபை அனுமதிக்க வேண்டும். அனுமதித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ஏப்ரலில் நான் அந்த ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தாள். ஹால் கைதட்டியது. பண்ணைக்காரர் எழுந்தார். நடத்துபவரைப் பார்த்தே, "அந்தப் பெண்ணை என் டிராக்டர் இழுத்துவிடும். அதற்கு மூன்று லட்சம் ஆகாது" என்றார். அதற்கும் கைதட்டல்.

ஏழு பேர் கேட்டால் சீட்டில்தான் ஓட்டு. கேட்டார்கள். மரப்பெட்டி, நீண்ட வரிசை. கிரேடர் ஜெயித்தது, மயிரிழையில்.

மார்ச் 6

குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் நிக்கி ஹேலி ஜெயித்த ஒரே மாநிலமாம் நேற்று இது. இன்று அவர் விலகியும்விட்டார். மாநிலம் முழுக்கப் பள்ளி பட்ஜெட்டுகளில் மூன்றில் ஒன்று தோற்றிருக்கிறது. கடையில் இரண்டைப் பற்றியும் பேச்சில்லை. கிரேடர் மட்டும்தான்.

மார்ச் 12

செக்கப்புக்குப் போகும் வழியில் வண்டி இறங்கிவிட்டது. பண்ணைக்காரரே டிராக்டரோடு வந்தார். சங்கிலி மாட்டி இழுத்தார். காசு வாங்கவில்லை. கிரேடரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் அவர் முகம் பேசியது.

மார்ச் 19

கிரேடருக்கு எதிராகப் பண்ணைக்காரர்தான் மனு போடுகிறார்! ஓட்டு நடந்த 30 நாளுக்குள் வாக்காளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மறு வாக்கெடுப்பு வைத்தே ஆக வேண்டும். மனு பெட்ரோல் போடும் கடையில், கல்லா பக்கத்தில், கயிற்றில் கட்டின பேனாவோடு இருக்கிறது. ரோடு மேஸ்திரியும் அதே கடையில்தான் காபி குடிக்கிறார். இருவரும் பாகு விலை பேசினார்கள்.

அவர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பகலில் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான் என்கிறார். நாள் முழுக்கப் பெட்டி வைத்து ஓட்டு எடுங்கள், அப்போது தோற்றால் ஒப்புக்கொள்கிறேன் என்கிறார். அப்படி எடுத்தால் ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்க வேண்டியதே இல்லையே? மகள் எழுந்ததை வீட்டில் இருந்து ஓட்டுப் போடுகிறவன் பார்த்திருப்பானா? இரவு மாப்பிள்ளையிடம் கேட்டேன். "மாமா, நமக்கு ஓட்டே இல்லை" என்றார்.

மார்ச் 23

பனி. ரோடு மறுபடி இறுகிவிட்டது. சந்தோஷம்.

மார்ச் 28

கிரகணத்துக்குக் கூட்டம் வரும் என்று ஊர் நிர்வாகக் குழுவான செலக்ட்போர்டு ஒரு மாலை முழுக்கத் தற்காலிகக் கழிவறை எத்தனை வைப்பது என்று பேசியது. வெளியூர்க்காரர்கள் கூகுளை நம்பி மண் ரோட்டில் இறங்கிவிடுவார்கள் என்ற பயம். லைப்ரரியில் கண்ணாடி இலவசம். வாங்கி வந்தேன். இவள் அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டாள். இந்தியாவில் தெரியாது, அதனால் தோஷமில்லை என்று ஊரில் ஜோசியர் சொல்லிவிட்டார். "குழந்தை இந்தியாவிலா பிறக்கப் போகிறது?" என்கிறாள். பதிலில்லை.

ஏப்ரல் 4

பனிப்புயல். இன்றுதான் மனுவுக்குக் கடைசி நாள். பழைய கிரேடர் விடியற்காலையில் எங்கள் வாசல் வரை வந்து பனியைத் தள்ளிவிட்டுப் போனது. ஒரு சக்கரம் கிறீச்சிடுகிறது. மேஸ்திரி கை காட்டினார். அதே ரோட்டில் பண்ணைக்காரர் மனுவை எடுத்துக்கொண்டு கிளார்க் ஆபீசுக்குப் போனார்.

ஏப்ரல் 5

கிளார்க் அம்மா வாக்காளர் பட்டியலை வைத்து ஒவ்வொரு கையெழுத்தாகச் சரிபார்க்கிறாராம். இரண்டு முறை போட்டவர் ஒருவர், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். அந்த வேலையை நான் செய்ய ஆசை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 8

வானம் துடைத்துவிட்டது போல. மூன்றரை வாக்கில் முழுக் கிரகணம். இவள் ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டிவிட்டாள். மகள் எதுவும் சொல்லாமல் படுத்திருக்கிறாள். பண்ணைக்காரர் காலையில் வந்து டிராக்டரை எங்கள் வளைவில் நிறுத்திவிட்டு, சாவி அதிலேயே இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனார். மனு செல்லுமாம், கிளார்க் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். அதையும் அவரே சொன்னார்.

மணி ஒன்றரை. தார் ரோட்டில் இப்போதே வண்டி நகரவில்லை என்கிறார்கள். மாப்பிள்ளை டிராக்டர் ஓட்டினதே கிடையாது. நான் ஓட்டியிருக்கிறேன், 1981இல், அது வேறு மாதிரி. கியர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.