பெங்களூரு தண்ணீரில் டிஸ்கஸ் குஞ்சு பொரிக்க

டிஸ்கஸ் என்ற வட்டத்தட்டு போன்ற அலங்கார மீனின் தாயகம் அமேசான் படுகை. வெள்ளத்தில் மூழ்கிய காட்டில், விழுந்த மரக்கிளைகளுக்கு நடுவே, உப்புகள் மிகக் குறைந்த வெதுவெதுப்பான நீரில் வாழும். நம் போர்வெல் தண்ணீரோ கடினமானது. வளர்ந்த மீன் பழகிக்கொள்ளும். முட்டைகள்தான் கருவுறாமல் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 100 காட்டும்வரை ஆர்ஓ நீர் கலந்துகொள்ளுங்கள். காவிரி நீரானால் குளோரின் நீக்கி கட்டாயம்.

வெப்பம் 29 டிகிரி. டிசம்பர் இரவுகளில் இங்கே 15 வரை இறங்கும். 200 லிட்டர் தொட்டிக்கு ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம், 150 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று நின்றாலும் மற்றொன்று காக்கும்.

இந்த மீனின் அற்புதமே இனிதான். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய், தந்தை இருவரின் தோலில் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்றே வளர்கின்றன. அப்போது பெற்றோரின் உடல் கறுக்கும். குஞ்சுகள் கருமையைத் தேடிப் போகும். கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரோ கறுப்புப் பின்னணியோ இருந்தால் அதில் ஒட்டிப் பட்டினியில் சாகும். ஆகவே வெளிர்நிறத் தொட்டி, வெறும் தரை, மெல்லிய காற்றோட்டம். நான்கைந்து நாள் கழித்து, அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற நுண்ணுயிரி) கொடுக்கத் தொடங்கலாம்.