வாயில் பல்குச்சி, காலில் பந்து

2022 உலகக் கோப்பையில் வேல்ஸ் தன் முதல் ஆட்டத்தை ஆடியபோது நம்மூரில் நள்ளிரவு 12.30. அக்கா மகன் அன்று எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் அவனை அந்த நேரம் வரை விழித்திருக்க விட்டேன் என்பது அக்காவுக்கு இன்னும் தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துவிடும், சரி. முதல் பாதியில் அமெரிக்கா ஒரு கோல் போட்டது. 82-வது நிமிடத்தில் வேல்ஸ் கேப்டன் கேரத் பேலை கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் சாய்த்தார்கள், பெனால்டியை அவரே அடித்தார், 1-1. நான் சோபாவில் இருந்து எழுந்து குதித்தேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, பேலை எடுத்துட்டா இந்த டீம்ல என்ன இருக்கு? இவங்க இதுக்கு முன்னாடி என்னதான் பண்ணியிருக்காங்க?”

“நிறைய இருக்குடா, காலையில சொல்றேன்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் சொல்லவில்லை. அப்புறம் ஈரானிடம் 0-2, இங்கிலாந்திடம் 0-3 என்று தோற்று ஒரே ஒரு புள்ளியோடு வேல்ஸ் ஊருக்குத் திரும்பிவிட்டதால் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கோப்பைக் கணக்கு பார்த்தால் பையன் சொன்னது சரிதான். சுமார் 31 லட்சம் பேர் இருக்கும் நாடு. 1876-லேயே கால்பந்துச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள், இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அடுத்து உலகத்திலேயே மூன்றாவது. அதே வருடம் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தோடு ஆடிய முதல் ஆட்டத்தில் 4-0 என்று உதை வாங்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை உலகக் கோப்பைக்குப் போனது இரண்டே முறை. ஆனால் அணியை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள். கால்பந்தாட்டக்காரர் என்றால் யார், அவருக்கு என்ன உரிமை, கோல்கீப்பர் எதுவரை கையால் பந்தைத் தொடலாம் என்பதெல்லாம் இன்றிருக்கும் நிலைக்கு வந்ததில் வேல்ஸ்காரர்கள் கை இருக்கிறது. பேலை எனக்கும் பிடிக்கும். ஆனால் என் ஓட்டு பில்லி மெரடித்துக்குத்தான்.

மெரடித் 1874-ல் பிறந்தவர். ஊர் சிர்க், வேல்ஸின் வடகிழக்கு ஓரத்தில் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய நிலக்கரிச் சுரங்க ஊர். (வேல்ஸ் என்றாலே ரக்பி என்று சொல்பவர்கள் இந்த வடக்குப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும், அங்கே கால்பந்துதான் முதலில் வேர் விட்டது.) பன்னிரண்டு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார், மட்டக் குதிரைகளை ஓட்டும் வேலை. 1894-ல் மான்செஸ்டர் சிட்டி அவரைத் தேடி வந்தபோது அவருடைய அம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லையாம். பிள்ளை காசுக்குப் பந்து உதைக்கப் போவது அந்தக் காலத்தில் கௌரவமான பிழைப்பாகத் தெரிந்திருக்காது. சிட்டிக்கு ஆட ஆரம்பித்த பிறகும் கொஞ்ச காலம் வாரநாட்களில் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியிருக்கிறார்.

வலது விங்கர். கோட்டை ஒட்டியே ஓடுவார், எதிராளியை வளைத்துத் தாண்டிப் பந்தை உள்ளே அனுப்புவார். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. முன்பு புகையிலை மென்றுகொண்டே ஆடுவாராம், துப்பித் துப்பிச் சட்டையெல்லாம் கறையானதில் துவைக்கிறவர்கள் முடியாது என்று சொல்லிவிட, அதற்குப் பதிலாகக் குச்சியைப் பிடித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துக் கேலிச்சித்திரக்காரர்களுக்கு அந்தக் குச்சி பெரிய வரம். ஒரு கோடு இழுத்தால் போதும், மெரடித் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

1904-ல் சிட்டி முதல் தடவையாக, இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான், போல்டனுக்கு எதிராக விழுந்த ஒரே கோலும் அவருடையதுதான். மறு வருடமே தலைகீழ். ஆஸ்டன் வில்லா கேப்டனுக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுக்க 10 பவுண்டு தருவதாகச் சொன்னார் என்று குற்றச்சாட்டு வந்து தடை போட்டார்கள். அவர் தப்பே செய்யாதவர் என்று நான் வாதாடப் போவதில்லை. முதலில் மறுத்தார், பிறகு கிளப் கைவிட்டதும் மேனேஜர் சொல்லித்தான் செய்தேன் என்றார். அதோடு இன்னொன்றையும் போட்டு உடைத்தார். அப்போது ஒரு ஆட்டக்காரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று விதி. சிட்டி அதற்கு மேல் தந்துகொண்டிருந்தது வெளியே வந்தது. 1906-ல் சிட்டி ஆட்டக்காரர்கள் 17 பேர் இனி அந்த கிளப்புக்கு ஆடவே முடியாது என்று தீர்ப்பு. மெரடித்தும் இன்னும் மூவரும் ஊருக்குள்ளேயே இடம் மாறி மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார்கள். 1908-ல் யுனைடெட் முதல் முறையாக லீக் சாம்பியன், 1909-ல் முதல் எஃப்.ஏ. கோப்பை. இன்று சிட்டி, யுனைடெட் என்று சண்டை போடும் நம்ம பசங்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், இரண்டு பக்கத்துக்கும் அடிக்கல் ஒரே ஆள்.

ஆனால் நான் அவருக்கு ஓட்டுப் போடுவது கோப்பைக்காக இல்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் கூடித் தொழிற்சங்கம் ஆரம்பித்தார்கள். தலைமை தாங்கியவர் மெரடித். சம்பள உச்சவரம்பு போக வேண்டும், கிளப் மாற உரிமை வேண்டும், ஆட்டத்தில் செத்துப்போனாலோ காலொடிந்தாலோ குடும்பத்துக்கு நஷ்டஈடு வேண்டும். சுரங்கத்தில் வளர்ந்தவருக்குச் சங்கம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. 1909-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கெடு வைத்தது, தொழிற்சங்கத்தை விட்டு வெளியே வா, இல்லாவிட்டால் ஆட முடியாது. மற்ற கிளப் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பயந்து கையெழுத்துப் போட்டுவிட, யுனைடெட் ஆட்கள் மட்டும் மறுத்துவிட்டார்கள். கிளப் மைதானம் இல்லை, சம்பளம் இல்லை. வேறு இடம் பிடித்துப் பயிற்சி செய்தார்கள், “ஒதுக்கப்பட்டோர் கால்பந்துக் கழகம்” என்று பலகை எழுதி வைத்துக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றும் கிடைக்கிறது, பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். சீசன் தொடங்குகிற நேரத்தில் தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. சம்பள உச்சவரம்பு மட்டும் 1961 வரை போகவில்லை, அதை அடித்து உடைத்ததும் இதே தொழிற்சங்கம்தான்.

1920-ல், 45 வயதில், லண்டனில் இங்கிலாந்தை 2-1 என்று வென்ற வேல்ஸ் அணியில் ஆடினார், அது அவருடைய 48-வது சர்வதேச ஆட்டம், கடைசியும் அதுதான். 49 வயதில் மறுபடி சிட்டிக்காக எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி! 1958 ஏப்ரலில் இறந்தார். மான்செஸ்டரில் புதைத்தார்கள், கல்லறையில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாமல் பல வருடம் கிடந்தது. 2001-ல்தான் தொழிற்சங்கமும் இரண்டு மான்செஸ்டர் கிளப்புகளும் வேல்ஸ் சங்கமும் சேர்ந்து கல் வைக்கச் செலவை ஏற்றுக்கொண்டன.

மெரடித் காலத்தில் வேல்ஸ் கோலைக் காத்தவர் லீ ரிச்மண்ட் ரூஸ். அப்போது கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கக் கையால் பந்தைத் தொடலாம், ஆனால் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் நடக்கக்கூடாது. மற்றவர்கள் பெட்டியிலேயே நிற்க, ரூஸ் பந்தைத் தரையில் தட்டித் தட்டி நடுக்கோடு வரைக்கும் ஓடிவந்து அங்கிருந்து எறிவார். விதியில் இடமிருந்தது, துணிச்சல் இவருக்குத்தான் இருந்தது. கடைசியில் 1912-ல் விதியையே மாற்றி, கை வைப்பது பெட்டிக்குள் மட்டும் என்று ஆக்கினார்கள். இன்று தெருவில் ஆடும் பையன்கூட “பாக்ஸுக்கு வெளிய கை வச்சுட்டான்” என்று கத்துகிறானே, அந்தக் கத்தலின் பூர்வீகம் இவரிடம் போய் நிற்கும். முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போய் 1916-ல் சொம் போர்முனையில் இறந்தார், உடல் கிடைக்கவில்லை. நினைவுச் சின்னத்தில் பெயரை எழுத்துப் பிழையோடு செதுக்கிவிட்டார்கள், அதனால் அது நம்ம கோல்கீப்பர்தான் என்றே நீண்ட காலம் யாருக்கும் தெரியாமல் போனது.

அப்புறம் 1958. வேல்ஸ் அந்த உலகக் கோப்பைக்குப் போன கதை ஒரு கூத்து. தகுதிச் சுற்றில் செக்கோஸ்லோவாகியாவுக்குப் பின்னால் நின்று வெளியே போய்விட்டார்கள். ஆனால் ஆசிய, ஆப்பிரிக்கப் பக்கத்தில் இஸ்ரேலோடு ஆட மாட்டோம் என்று ஒவ்வொரு நாடாக விலகிவிட, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் யாரும் உலகக் கோப்பைக்கு வரக்கூடாது என்று சொல்லி, இரண்டாம் இடம் வந்தவர்களிடையே சீட்டுக் குலுக்கினார்கள். முதலில் பெல்ஜியம் பெயர் வந்தது, அவர்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்து வேல்ஸ். இஸ்ரேலை இங்கும் 2-0, அங்கும் 2-0.

இரண்டாவது ஆட்டம் கார்டிஃபில் பிப்ரவரி 5. வேல்ஸ் மேனேஜர் ஜிம்மி மர்ஃபி, ரோண்டா பள்ளத்தாக்கில் பிறந்தவர், மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் மாட் பஸ்பிக்கு வலதுகை. அந்த ஆட்டத்துக்காகத்தான் யுனைடெட்டோடு பெல்கிரேடுக்குப் போகவில்லை. மறுநாள் அங்கிருந்து யுனைடெட் அணி திரும்பி வந்த விமானம் மியூனிக்கில் விழுந்தது. 23 பேர் போனார்கள், அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள், மர்ஃபி பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைகள். அவர் கார்டிஃபில் இருந்து திரும்பி, இஸ்ரேல்காரர்கள் பரிசாகக் கொடுத்த ஆரஞ்சுப் பெட்டியோடு யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் படியேறும்போதுதான் சேதி தெரிந்தது என்று சொல்வார்கள். அந்த ஆரஞ்சுப் பெட்டியை என்னால் மறக்க முடியவில்லை. பஸ்பி மருத்துவமனையில் உயிருக்குப் போராட, மிஞ்சியவர்களையும் கடன் வாங்கியவர்களையும் வைத்து அந்த அணியை எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை கொண்டுபோனார். ஜூனில் வேல்ஸை ஸ்வீடனுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஹங்கேரி, மெக்சிகோ, ஸ்வீடன் மூன்றோடும் டிரா. ஹங்கேரியோடு மறுபடி ஒரு பிளே-ஆஃப், 2-1 வெற்றி. ஆனால் ஹங்கேரிக்காரர்கள் வேல்ஸின் ஜான் சார்லஸை உதைத்தே நொண்ட வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து கோத்தன்பர்கில் பிரேசிலோடு காலிறுதி, சார்லஸ் இல்லை. இருந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். பிறகு 17 வயதுப் பையன் ஒருவன் பந்தை வாங்கித் திரும்பி அடிக்க, அது ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் காலில் பட்டு கோல்கீப்பர் கெல்சியைத் தாண்டிப் போனது. பெலேயின் முதல் உலகக் கோப்பைக் கோல். 1-0. சார்லஸ் ஆடியிருந்தால் என்ற கேள்வியை வேல்ஸில் இன்னும் விடவில்லை. நானும் விடவில்லை.

ஏனென்றால் அவர் அப்படி ஒரு ஆள். ஸ்வான்ஸியில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்பில் தடுப்பாட்டத்தின் நடுவிலும் நிற்பார், முன்வரிசையின் நடுவிலும் நிற்பார், இரண்டிலும் அவர்தான் சிறந்தவர். 1953-54 சீசனில் லீக்கில் மட்டும் 42 கோல். 1957-ல் இத்தாலியின் யுவென்டஸ் கிளப் 65,000 பவுண்டு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது, பிரிட்டனில் அதுவரை அவ்வளவு விலைக்கு யாரும் போனதில்லை. முதல் சீசனிலேயே 28 கோல், இத்தாலிய லீக்கில் அந்த வருடம் அதிகம் அவருடையதுதான். அங்கே இருந்த ஐந்து வருடத்தில் மூன்று லீக் பட்டம். மலை மாதிரி உடம்பு, ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட நடுவர் அவர் பெயரைக் குறித்ததில்லை. ‘நல்ல ராட்சசன்’ என்று இத்தாலிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஒருமுறை அவரோடு அதே அணியில் ஆடும் ஒமர் சீவோரி, அர்ஜென்டினாக்காரர், குள்ளமான முன்கோபி, நடுவரிடம் எகிறிக்கொண்டு போனபோது சார்லஸ் அவர் கன்னத்தில் ஒன்று விட்டார். சொந்த அணிக்காரனைத்தான்! சீவோரி அடங்கிவிட்டார். அந்த ஒரு அறை போதும், அவரைப் பற்றி வேறு விளக்கம் வேண்டாம்.

மற்றவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். லிவர்பூலுக்கு 346 கோல் போட்ட இயன் ரஷ், குப்பை வண்டியில் வேலை பார்த்துவிட்டு எவர்ட்டனின் கோல்கீப்பராக ஆன நெவில் சௌத்தால், 2011-ல் திடீரென்று இல்லாமல் போன கேரி ஸ்பீட். 1993-ல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ருமேனியாவோடு கிராஸ்பாரில் பட்டுத் திரும்பிய அந்த பெனால்டியைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. பேல்? 2018-ல் கீவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் தலைகீழாகப் பறந்து அடித்த கோலைத் தெரியாதவர்கள் யார். 64 வருடம் கழித்து வேல்ஸை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனதும் அவர் தலைமைதான்.

இதையெல்லாம் போன வாரம்தான் பையனிடம் சொல்லி முடித்தேன். சங்கம், விதி, மியூனிக், பெலே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். வாயில் ஈர்க்குச்சியோடு மைதானத்தில் இறங்கினானாம், கோச் வெளியே உட்கார வைத்துவிட்டாராம், “நீதான் சொல்லிக் கொடுத்தியா?” என்று கேட்டாள்.