கல்லாவில் நிற்கப் பயப்படும் பிள்ளைகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, புதுப் பிள்ளையைத் தீபாவளிக் கூட்டத்தில் முதன்முதலாகக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். ஆடி முடிந்ததுமே ஆரம்பியுங்கள். ஒரு வாரம் பழைய ஆள் பில் போட, பிள்ளை பார்க்கட்டும். மறுவாரம் காலையில் கூட்டம் ஏறுமுன் பிள்ளை போடட்டும், பழைய ஆள் பக்கத்திலேயே நிற்கட்டும். அப்புறம்தான் தனியாக.

ராத்திரி கணக்கில் 200 ரூபாய் குறைகிறதா? சம்பளத்தில் பிடிக்காதீர்கள், நாலு பேர் முன்னால் சத்தம் போடாதீர்கள். பிடித்தால் அடுத்த தடவை சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்டிவிடும். தப்பு எங்கே என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. பாவம், அந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

பல நாள் விஷயம் சின்னதுதான்: ஜிபேயில் வந்த பணத்தை ரொக்கம் என்று பில்லில் அடித்திருக்கும். ஷட்டரை இறக்கிவிட்டு, பில் கட்டையும் போனையும் வைத்து, “எதுலம்மா விட்டுச்சு, பாப்போமா?” என்று கூடவே உட்காருங்கள்.