விமர்சனக் கட்டுரைகளைத் தொகுத்தல்: வேலைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 4

தமிழில் விமர்சனக் கட்டுரைத் தொகுதிகள் பெரும்பாலும் ஒரே குறையால் கெடுகின்றன. கட்டுரை எந்த ஆண்டு, எந்த இதழில், யாருக்கு மறுமொழியாக வந்தது என்ற விவரம் இருக்காது. கவிதைக்கும் கதைக்கும் இது இல்லாவிட்டாலும் படித்துவிடலாம், விமர்சனத்துக்கு முடியாது. 1930களின் நடுவில் பாரதி மகாகவிதான் என்று எழுத்தாளர் வ.ரா. ஒரு பக்கமும் இல்லை என்று கல்கி மறுபக்கமும் நின்று மோதினார்கள். அந்தச் சூட்டில் கு.ப. ராஜகோபாலனும் (கு.ப.ரா.) சிட்டியும் (பெ.கோ. சுந்தரராஜன்) எழுதிய கட்டுரைகள்தான் 1937இல் 'கண்ணன் என் கவி' என்று நூலாயின. எதிர்த்தரப்பு சொன்னது தெரியாமல் இந்நூலைத் திறப்பவருக்கு, இவர்கள் ஏன் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறார்கள் என்றே விளங்காது. மகாகவி என்பது இன்று பாரதியின் பெயரோடு ஒட்டிப்போன அடைமொழி. அன்று அது தீராத வழக்கு. கா. சிவத்தம்பியும் அ. மார்க்சும் 'பாரதி: மறைவு முதல் மகாகவி வரை'யில் அந்த வழக்கின் போக்கை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பு ஒவ்வொரு விமர்சனத் தொகுதிக்கும் தேவை.

ஆகஸ்ட் 6

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தாள். தலைப்பு, கட்டுரையின் கீழே அச்சான பெயர், இதழ், மலர் எண், இதழ் எண், தேதி, பக்கங்கள், முதலில் சேர்ந்த நூல், அதற்கு வந்த பதில்கள். பதில்களுக்கு அதிக இடம் விட வேண்டும். ஒரு கட்டுரைக்கு மூன்று மறுப்புகள்கூடக் கிடைக்கும்.

தேதியில் ஒரு பள்ளம் உண்டு. பழைய இதழ்கள் தமிழ் ஆண்டையும் மாதத்தையும் மட்டும் போட்டிருக்கும். தாது ஆண்டு 1936 ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. 'தாது, ஆவணி' என்றால் 1936தான். 'தாது, தை' என்றால் 1937 ஆகிவிடும். மார்கழி இரண்டு ஆண்டிலும் கால் வைக்கும், அங்கே நாளும் தெரிந்தாக வேண்டும். மறுமொழி முந்தியதாகவும் மூலக் கட்டுரை பிந்தியதாகவும் சில தொகுதிகளில் தலைகீழாக நிற்பதற்கு இந்தக் கணக்குப் பிசகும் ஒரு காரணம்.

நூலகங்களில் பைண்டு செய்த தொகுதிகளில் அட்டையைக் கழற்றியிருப்பார்கள். மாதம் அட்டையில் மட்டும் அச்சான இதழென்றால் அது போயிற்று. அப்போது உள்ளே இருக்கும் புத்தக விளம்பரம், 'அடுத்த இதழில்' அறிவிப்பு, வாசகர் கடிதம் ஆகியவற்றிலிருந்து மாதத்தைப் பிடிக்கலாம். அதனால் படம் எடுக்கும்போது கட்டுரைப் பக்கங்களோடு நிறுத்தாமல் இதழ் முழுவதையும் எடுப்பது நல்லது.

ஆகஸ்ட் 7

புனைபெயர். கு.ப.ரா. 'கரிச்சான்' என்றும் எழுதினார். அவர்மீது கொண்ட பற்றால் எழுத்தாளர் ஆர். நாராயணசாமி 'கரிச்சான் குஞ்சு' ஆனார். அடைவு தயாரிப்பவர் அசந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நடையை மட்டும் வைத்து இது இன்னாருடையது என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆசிரியரே பின்னாளில் நூலில் சேர்த்திருக்க வேண்டும், அல்லது கடிதச் சான்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதது பின்னிணைப்புக்குப் போகட்டும்.

ஆகஸ்ட் 13

மேற்கோள்கள். அந்தத் தலைமுறை விமர்சகர்கள் கவிதையை நினைவிலிருந்தே எழுதிவிடுவார்கள். அக்கினிக் குஞ்சு பாட்டில் 'பொந்திடை வைத்தேன்' என்பது 'பொந்தினில் வைத்தேன்' என்று வந்து நிற்கும். கை பரபரக்கும், ஆனாலும் திருத்தக் கூடாது. விமர்சகர் அந்த வரியின் ஓசையைப் பற்றிப் பேசுகிறார் என்றால், அவர் காதில் ஒலித்தது 'பொந்தினில்'. மேற்கோளைத் திருத்திவிட்டால் அடுத்த பத்தி அந்தரத்தில் தொங்கும். பாடத்தை அப்படியே விட்டு, அடிக்குறிப்பில் சரியான வடிவத்தைக் கொடுத்தால் போதும்.

பிழை என்று சொல்வதற்கு முன் அவர் கையில் இருந்த பதிப்பையும் பார்த்தாக வேண்டும். 'கண்ணன் பாட்டு' 1917இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பாகவும், 1919இல் வ.வே.சு. ஐயர் முன்னுரையோடும் வந்தது. 1930களின் மேற்கோளை இன்றைய மலிவுப் பதிப்போடு ஒப்பிட்டுக் குறை சொல்வது அநியாயம்.

நாவலுக்கு வேறு தொல்லை. 'பக்கம் 112' என்று விமர்சகர் தந்திருப்பார், இன்றைய பதிப்பில் அங்கே வேறு காட்சி இருக்கும். பக்க எண்ணை அப்படியே வைத்து அதன் அருகே அத்தியாய எண்ணைச் சேர்க்கலாம். தொடர்கதையாக வந்தபோதே எழுதிய விமர்சனம் என்றால், நூலாக்கத்தில் நாவலாசிரியர் வெட்டிய பகுதியைப் பற்றியும் அதில் பேச்சிருக்கலாம்.

ஆகஸ்ட் 20

தட்டச்சும் ஒப்புநோக்கலும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளுக்குப் பழைய வடிவம். அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் இவற்றில்தான் அதிகம் தடுமாறுகிறது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் தட்டச்சுப் படியில் கண்ணோட்ட வேண்டும். நிறுத்தற்குறிகளையும் மேற்கோள்குறி திறப்பதையும் முடிவதையும் வாயால் சொல்லியாக வேண்டும். மேற்கோள்குறி ஒன்று விடுபட்டால், விமர்சகர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய எதிராளியின் வாக்கியம் அவருடைய சொந்தக் கருத்தாகிவிடும். விமர்சன நூலில் இதைவிடப் பெரிய அச்சுப்பிழை கிடையாது.

அடுத்தடுத்த வரிகள் ஒரே சொல்லில் முடியும் இடத்தில் நடுவரி காணாமல் போகும். கணிப்பொறியின் பிழைதிருத்திக்கு அது தெரியாது.

ஆகஸ்ட் 22

வரிசை. கவிஞர்கள் தனியே, நாவலாசிரியர்கள் தனியே என்று பிரிப்பது விற்பனைக்கு உதவும். ஆனால் விமர்சகர் மனம் மாறிய இடம் மறைந்துபோகும். கால வரிசையே மேல். ஈழத்து விமர்சகர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வந்தது. விமர்சகர் வெங்கட் சாமிநாதன் 'நடை' இதழில் அதைக் கடுமையாக மறுத்து எழுத, ஈழத்தின் நுஃமான் 'மல்லிகை' இதழில் அந்த மறுப்புக்கு எதிர்வினை எழுதினார். மூன்றையும் ஒரே நூலில் வைக்க உரிமை கிடைக்காமல் போகலாம். இதழ் பெயரையும் தேதியையும் குறிப்பில் தருவதற்கு யாருடைய உரிமையும் வேண்டாம்.

ஆகஸ்ட் 23

உரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள், இலங்கையில் இறப்புக்குப் பின் 70. கு.ப.ரா. மறைந்தது 1944இல், அவர் தனியே எழுதியவற்றின் காலம் 2004 முடிவோடு தீர்ந்தது. சிட்டி 2006இல் மறைந்தார், ஆகவே அவர் கட்டுரைகளுக்கு 2066 முடியும்வரை உரிமை உண்டு. இருவரும் சேர்ந்தே எழுதியது என்றால் பிந்தி மறைந்தவரின் கணக்கு. ஒரே நூலுக்குள் பாதி திறந்தும் பாதி பூட்டியும் இருக்கும். கட்டுரை கட்டுரையாகப் பார்த்துக் கடிதம் அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 29

பெயரடைவு, பக்க அமைப்பு முடிந்த பிறகே. முன்னதாகச் செய்தால் ஓர் அடிக்குறிப்பு கூடினாலும் அதற்குப் பின் வரும் எண்கள் நகரும். 'கு.ப.ரா.', 'ராஜகோபாலன்', 'கரிச்சான்' மூன்றும் ஒரே பதிவில் சேர்ந்து, மற்ற வடிவங்களில் 'காண்க' வர வேண்டும். பெயர் சொல்லாமல் 'ஒரு பிரபல வாரப்பத்திரிகை ஆசிரியர்' என்று தாக்கியிருக்கும் இடங்களும் உண்டு. ஆள் யார் என்று சான்றோடு தெரிந்தால் பகர அடைப்புக்குறியில் பெயரிட்டு அந்தப் பக்கத்தையும் அடைவில் சேர்க்கலாம். நூல் தலைப்புகளுக்குத் தனி அடைவு போட்டால் மாணவர்கள் கையில் இந்தத் தொகுதி நீண்ட நாள் இருக்கும்.