கொலரை எப்போது கழற்றுவது: அப்பாவின் கழுத்து முறிவும் காணாமற்போன அட்டையும்

கழுத்து முள்ளெலும்பு முறிந்த ஒருவருக்குக் கழுத்து அசையாமலிருக்கப் பூட்டும் கொலரை எப்போது கழற்றலாம் என்பதை ஒரே ஒரு டாக்டர் தீர்மானித்து, அதைக் கைப்பட எழுதித் தர வேண்டும். அந்த எழுத்து இல்லாததால் நாங்கள் பட்ட பாட்டை, இலங்கை மலையகத்தின் நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பீலிக்கரைப் படியில் வழுக்கி விழுந்த அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சுளுக்குத்தான் என்று சொல்லி பெனடோலுடன் அனுப்பிவிட்டார்கள். ஆனால் படுக்கையிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் அவர் இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். வயதானவர்களுக்கு ஏற்படும் இவ்வகை முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடக் கூடும். விழுந்தபின் கழுத்து வலி நீடித்தால் சீ.ரீ. ஸ்கேன் வேண்டும் என்று வற்புறுத்திக் கேளுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், முறிவு தெரிந்தது. அந்தக் கட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

முறிந்தது கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பில் பல்லைப்போல் மேல்நோக்கி நிற்கும் முனை. 1974 முதல் இம்முறிவை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு வந்தது, அம்முனையின் அடிப்பகுதி முறியும் இரண்டாம் வகை. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், முதியவர்களில் பலருக்கு எலும்பு முழுமையாகக் கூடுவதே இல்லை. புகைபிடித்தால் இன்னும் தாமதமாகும் என்று டாக்டர் சொன்ன அன்றே அப்பாவின் பீடிக்கட்டைத் தம்பி எடுத்து மறைத்துவிட்டான். தலையைச் சுற்றி வளையம் பூட்டி இறுக்குவதை முதியவர்களின் நுரையீரல் தாங்குவது கடினம். திருகாணி பூட்டி இரண்டு எலும்புகளை இணைத்தாலோ தலையைத் திருப்பும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போய்விடும். இவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கிய டாக்டர், அப்பாவின் வயதுக்குக் கெட்டியான கொலரே போதும், குறைந்தது மூன்று மாதம் போட வேண்டும் என்று வாயால் சொன்னார். ஆனால் நோய் விவரத்தை எழுதி ஆஸ்பத்திரியில் தரும் அட்டையான டயக்னோசிஸ் கார்டில் “கொலரைத் தொடரவும்” என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

வினை அங்கேதான் தொடங்கியது. அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் காட்டியபோது, ஆறு வாரம் முடிந்துவிட்டதே, இனிக் கழற்றிவிடலாம் என்றார் ஒருவர். கையெலும்புக்குச் சொல்லும் கணக்கைக் கழுத்துக்குச் சொல்கிறாரே என்று நாங்கள் மறுத்தோம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதோடு, கார்டை வாங்கித் தங்கள் கோப்பில் வைத்துக்கொண்டவர்கள் திருப்பித் தரவில்லை. அடுத்த கிளினிக்குக்கு விடியுமுன்னரே புறப்பட்டு, கினிகத்தேனை வளைவுகளில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கார்ட் இல்லாமல் நம்பர் தர முடியாது என்றார் கவுண்டரில் இருந்தவர். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அன்று வெறுங்கையோடு திரும்பினோம். கார்ட் பின்னர் வேறொரு நோயாளியின் கோப்புக்குள் மடங்கிய நிலையில் கிடைத்தது. கார்டின் இரு பக்கங்களையும் போட்டோக்கொப்பி எடுத்து, மூலப்பிரதியை எவர் கேட்டாலும் கொடுக்காமல் பிரதியையே கொடுங்கள்.

வீட்டுப் பராமரிப்பில் எங்களை அதிகம் சோதித்தது வெற்றிலை. சாறு வழிந்து கொலரில் நாடிக்குக் கீழுள்ள பஞ்சு நனைந்து, இரண்டொரு நாளில் தோல் சிவந்து உரிந்தது. மழைக்காலத்தில் லயக் காம்பராவில் பஞ்சு காய்வதே இல்லை. ஆகவே மாற்றுப் பஞ்சு ஒரு சோடி கட்டாயம் வாங்கி வையுங்கள். அதை மாற்றும்போது அவரைத் தலையணையில்லாமல் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் முன்பாதியை மட்டும் கழற்றி நாடியைத் துடைத்து, முகத்தைச் சவரம் செய்து மீண்டும் பூட்ட வேண்டும் என்று வாட்டில் ஒரு தாதி மிஸ் செய்து காட்டினார். அவருக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம். கொலருடன் விழுங்குவது கடினம் என்பதால், நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறு சிறு கவளமாகக் கொடுத்தோம். கொலர் போட்டவருக்குத் தன் காலடி தெரியாது. வெளியிலுள்ள கழிவறைக்குப் போகும் படிகளில் தம்பி மூங்கில் கைப்பிடி கட்டினான். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்று உறவினர் சிலர் வற்புறுத்தினர். இந்த முறிவில் கழுத்தை எவரும் பிடித்து உருவவோ திருப்பவோ கூடாது. முள்ளந்தண்டு நரம்பு அங்கேதான் ஓடுகிறது.

மூன்று மாதம் கடந்து எடுத்த ஸ்கேனிலும் முறிவுக்கோடு அப்படியே தெரிந்தது. “ஏம்மா, இன்னும் ஒட்டலியா?” என்று அப்பா கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. ஆனால் டாக்டர் கவலைப்படவில்லை. மேலும் சில வாரங்கள் கொலரைத் தொடரச் சொல்லி, பின்னர் தம் கண்காணிப்பில் கழுத்தைக் குனித்தும் நிமிர்த்தியும் எக்ஸ்ரே எடுக்கவைத்தார். எலும்பு அசையவில்லை. எலும்பாகக் கூடாவிட்டாலும் நார்த்திசு பிடித்து உறுதியாகிவிட்டது, இந்த வயதில் இதுவே நல்ல முடிவு என்றார்.

இம்முறை நான் பேனையை நீட்டி, எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். வீட்டுக்குள் சிறிது சிறிதாகக் கழற்றலாம், பயணத்தின்போது போட வேண்டும், கைகால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமற்போனாலோ உடனே வர வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்டார். அதை அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஆறு வாரக் கணக்குச் சொன்னவர் வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். பிரதியைத்தான் கொடுத்திருந்தேன்.